அனுவுக்கு அளந்த நாற்காலி

செஞ்சியில் 'நிமிர்வோம் சிறார் முன்னேற்ற மையம்' ஒரு ஜவுளிக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது. உட்கார முடியாத, நடக்க முடியாத, கழுத்து நிற்காத பிள்ளைகளுக்கான மையம். படி செங்குத்து. கைப்பிடி பாதியோடு நின்றுவிடும். அனந்தபுரத்திலிருந்து ஒரு தகப்பன் வளர்ந்த பையனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். கடைசிப் படியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி, "கீழ ஒரு ரூமு கெடைக்கலையா சார்?" என்று கேட்டுவிட்டான்.

மையத்தின் ஒருங்கிணைப்பாளர் ராஜகோபால் சார் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை. "பெத்தவங்க தூக்கிட்டு ஏறும்போது கொழந்தையோட ஒடம்பு அவங்க ஒடம்போட ஒட்டுது. அதுவே ஒரு சிகிச்சை. யோசிச்சுத்தான் மாடியைப் பிடிச்சோம்" என்றார்.

அந்தச் சிகிச்சையை ரஞ்சிதம் வாரம் தவறாமல் செய்துகொண்டிருந்தாள்.

அவளுக்கும் புருஷன் கோதண்டராமனுக்கும் மார்க்கெட் கமிட்டியில் வேலை. விவசாயிகள் கொண்டுவந்து கொட்டுகிற நெல்லை அவள் தூற்றிக் கூட்டுவாள். மூட்டையானதும் அவன் லாரிக்குத் தூக்குவான். மகள் அனுவுக்கு மூன்று வயசு முடிந்திருந்தது. பிறந்தபோது அழத் தாமதமானவள். அதற்கப்புறம் எல்லாமே தாமதம். கழுத்து நிற்கவே இரண்டு வருஷம் ஆனது. உட்கார வைத்தால் பிழியாத துணி மாதிரி ஒரு பக்கமாகச் சரிவாள். பேச்சு இல்லை. பசித்தால் அழக்கூட மாட்டாள். சோற்றுக் கிண்ணம் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் தலையைத் திருப்பி வைத்துக்கொள்வாள். அதை யாராவது பார்த்தால்தான் சோறு.

கமிட்டியில் இரண்டு நெல் மூட்டைக்கு நடுவில் பழைய சேலையைச் சுருட்டிச் செருகி ரஞ்சிதம் அவளை உட்கார வைப்பாள். லாரி வந்தால் மூட்டை போய்விடும். பல நாள் அந்த மூட்டையைத் தூக்க வருகிறவன் கோதண்டராமனாகவே இருப்பான். "நைனா வந்துட்டேன் கண்ணு, கொஞ்சம் எடம் குடு" என்று ஒரு கையால் மகளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் மூட்டையை இழுப்பான். ரஞ்சிதம் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து அவளை வேறு மூட்டைக்கு மாற்றுவாள். வியாபாரம் சூடாக இருக்கிற நாளில் அனு உட்கார்ந்த நேரத்தைவிட மாறிய நேரம் அதிகமாக இருக்கும்.

மையத்தில் உடற்பயிற்சி கொடுக்கிற பெண் கலைவாணி. படித்து முடித்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அதனால் இன்னும் பிள்ளைகளைப் பார்த்துப் பேசுகிற பழக்கம் இருந்தது. ஒரு நாள் சொன்னாள்: "அக்கா, இவளுக்குத் தனியா ஒரு நாற்காலி செய்யணும். தலைக்கு ரெண்டு பக்கமும் அணை, இடுப்புல பெல்ட்டு, கால் வைக்கப் பலகை. அவ அளவுக்குன்னே செய்யணும். நிமிர்ந்து உக்காந்தா முழுங்க வரும், கை வரும், நிதானமா ஒண்ணைப் பார்க்க வரும்."

ரஞ்சிதத்துக்குக் கடைசியில் சொன்னது மட்டும் மனசில் நின்றது. "என்னைப் பாக்குமா?"

"உங்களைத்தான் மொதல்ல பார்க்கும்."

டேப்பை வைத்து அளவெடுத்தார்கள். எடுத்து முடிந்ததும் ரஞ்சிதம் இடுப்பில் செருகியிருந்த கோணி தைக்கிற சணலை உருவி, தானும் ஒரு முறை அளந்தாள். பாதத்திலிருந்து முட்டிக்கு ஒரு முடிச்சு, முட்டியிலிருந்து இடுப்புக்கு ஒரு முடிச்சு, இடுப்பிலிருந்து உச்சிக்கு ஒன்று. கலைவாணி சிரித்தாள். "நான் எடுத்ததுல நம்பிக்கை இல்லியாக்கா?" அப்படியெல்லாம் இல்லை. கமிட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு, யார் அளந்தாலும் தானும் ஒரு தரம் அளந்து வைத்துக்கொள்கிற பழக்கம்.

நாற்காலி மாசி மாசமே சென்னையிலிருந்து வந்துவிட்டது. இதைச் சொல்லியாக வேண்டும். மையத்தை யாரும் சும்மா குறை சொல்லக் கூடாது. நீல நிறம், மெத்தை, பெல்ட்டு, பலகை எல்லாம் அளவு பிசகாமல் இருந்தது. முதுகு சாய்கிற இடத்தில் மட்டும் பெரிதாக ஐயாவின் படம், கும்பிட்டபடி. ஐயா என்பவர் மையத்துக்குத் தலைவர். வேறு எதற்கெல்லாமோ தலைவர். அவர் இன்னார் என்று ரஞ்சிதத்துக்குக் கடைசி வரை பிடிபடவில்லை. நாற்காலியை அவர் கையால்தான் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் பிடிபட்டது.

விழாவுக்கு ஒத்திகை வைத்தார்கள். மையத்தில் கூட்டிப் பெருக்கி டீ வாங்கி வருகிற தனகோட்டிதான் ஐயாவாக நின்றான். தோளில் ஒரு துண்டு, கண்ணில் ராஜகோபால் சாரின் கறுப்புக் கண்ணாடி. "ஐயா வராரு, எல்லாரும் எழுந்திருங்க" என்றார் ராஜகோபால் சார். எழுந்திருக்க முடியாத பிள்ளைகளைத் தாய்மார்கள் தூக்கி நிறுத்தினார்கள். நாற்காலியின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றி அனுவை வைத்துக் கலைவாணி பெல்ட்டைப் போட்டாள்.

அனு சரியவில்லை.

தலை நடுவில் நின்றது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் கோட்டை மலை இருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். தனகோட்டியின் கண்ணாடியைப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகத் திரும்பி, எதிரில் முட்டி போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். அதுவரை மடியிலிருந்து அண்ணாந்தோ தோளிலிருந்து எங்கேயோ பார்த்தோ இருந்த கண், நேருக்கு நேராக வந்து நின்றது அன்றுதான். இதுதான் நம்ம ஆளா என்பது போல ஒரு பார்வை. வாயோரம் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

"யம்மாடி, என்னைப் பாக்குதுங்க சார்" என்றாள் ரஞ்சிதம்.

"அருமை, அருமை. ஐயா, சால்வை. ஆங், சிரிங்க. போட்டோ. சரி, ஒத்திகை முடிஞ்சுது. கொழந்தையை எறக்குங்க."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கட்டுமே சார்."

"என்னம்மா நீங்க! விழாவுக்கு முன்னாடி உபயோகிச்சா பழசாயிடும். பழசைப் போயி ஐயா கையால எப்படிக் குடுக்கறது?"

உறையை மறுபடி மாட்டினார்கள். நாற்காலி மூலைக்குப் போனது. அனு சுவருக்குப் போனாள்.

விழா தேதி வைத்த வாரம் ஐயாவுக்கு நேரமில்லை. அடுத்த தேதி அமாவாசையாகப் போய்விட்டது. பஸ், போலீஸ், பந்தல்காரன் எல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட, ஐயாவை வரவேற்க ஜனம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த தேதியில் ஐயாவின் மாமியார் இறந்துபோனார். மையம் ஒரு நிமிஷம் மௌனம் காத்தது. பேச வராத பிள்ளைகள் அதைச் சிறப்பாகச் செய்தார்கள் என்று ராஜகோபால் சார் பாராட்டினார்.

இதற்கிடையில் ஒரு குற்றம் நடந்தது. ராஜகோபால் சார் விழுப்புரம் போயிருந்த நாளில் கலைவாணி உறையைக் கழற்றி அனுவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். கொஞ்ச நேரம்தான். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்ததில் அனுவின் வாயிலிருந்து எச்சில் ஒழுகி, ஐயாவின் நெற்றியிலிருந்து மீசை வரைக்கும் இறங்கிவிட்டது. துடைத்தும் ஒரு தடம் நின்றது.

விசாரணை வைத்தார்கள். "ஐயா மொகத்துல எச்சில் பட்டிருக்குது. இது யார் பொறுப்பு?" என்றார் ராஜகோபால் சார்.

"அது கொழந்தை சார். அதுக்கு எச்சில் நிக்காது. அதுக்குத்தான நாற்காலி?" என்றாள் கலைவாணி.

"நாற்காலி கொழந்தைக்கு. படம் ஐயாவுக்கு. ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கக் கூடாது."

நாற்காலியைப் பூட்டு போட்ட அறைக்கு மாற்றினார்கள். அனுவுக்குப் புதிதாக இரண்டு பயிற்சி வந்தது. ஒன்று, எச்சிலை நிறுத்துவது. இன்னொன்று, ஐயாவைக் கண்டதும் கை கூப்புவது. தனகோட்டி வாராவாரம் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து நின்றான். "தோ பாரு பாப்பா, ஐயா வந்திருக்கேன். கும்புடு" என்பான். அனு அவன் கையிலிருக்கும் டீ கிளாஸைப் பார்ப்பாள். மாசக்கணக்கில் நின்று பார்த்தான். கடைசியில் வெறுத்துப்போய், "நானே கும்புட்டுட்டுப் போறேன் தாயி" என்று அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். பதிவேட்டில் அவள் பெயருக்கு எதிரே ராஜகோபால் சார் எழுதி, பெற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டினார்: 'எவ்வளவு நாள் பழக்கினாலும் பதியவில்லை. எதையும் கற்றுக்கொள்ளும் நிலையில் இல்லை.'

கோதண்டராமன் பொறுத்துப் பார்த்தான். பிறகு ஒரு பழைய கட்டில் காலையும் பலகையையும் தச்சரிடம் கொடுத்துத் தானே ஒரு நாற்காலி செய்து வாங்கி வந்தான். இடுப்புக்கு லாரிக் கயிறு, தலைக்கு உமி திணித்த பை. கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் அனு அதில் ஓரளவுக்கு நின்றாள். "படம் ஒண்ணுதான் இல்ல. என் மூஞ்சிய வேணா ஒட்டிக்கலாமா?" என்றான் பெண்டாட்டியிடம். அவள் வெகுநாள் கழித்துச் சிரித்தாள்.

அந்த வாரமே ராஜகோபால் சார் வீட்டாய்வுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது என்னப்பா?"

"நாங்களா செஞ்சது சார். ஒங்களது வர்ற வரைக்கும்."

"நாற்காலி இருக்கற கொழந்தைக்கு நாற்காலி குடுத்தா, நாளைக்குக் கணக்குப் பார்க்க வர்றவன் என்னைத்தான கேப்பான்?"

"இது நாற்காலியே இல்ல சார். பழைய கட்டில் காலு."

"உக்காந்தா அது நாற்காலிதான். கொழந்தை உக்காந்திருக்குதா இல்லியா? அப்ப உங்களுக்குத் தேவை இல்லைன்னு எழுதிக்கட்டுமா? சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் இல்லை."

கோதண்டராமன் அவரையே பார்த்தான். பெரிய மூட்டையைத் தூக்குவதற்கு முன்னால் அதை அப்படித்தான் பார்ப்பான். பிறகு அனுவை எடுத்து ரஞ்சிதத்திடம் கொடுத்துவிட்டுக் கோடாலியைக் கொண்டுவந்தான். ராஜகோபால் சார் விறகாகும் வரை இருந்து பார்த்துவிட்டுப் போனார். கடமை தவறாதவர்.

அப்புறம் தேர்தல் வந்தது. நடத்தை விதி அமலுக்கு வந்ததும், பூட்டிய அறைக்குள் பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கிற ஐயாவின் முகம் வாக்காளரைக் கவர்ந்துவிடும் என்று ராஜகோபால் சாருக்குப் பயம் வந்துவிட்டது. தனகோட்டியை விட்டுப் பேப்பர் ஒட்டச் சொன்னார். மறுநாள் பார்த்தால் ஒட்டிய பேப்பரில் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். அதைக் கிழித்துக் காக்கித் தாள் ஒட்டினார்கள். ஓட்டு எண்ணி முடிகிற வரை தாளுக்குள் ஐயாவும் வெளியே அனுவும் காத்திருந்தார்கள். தேர்தலுக்குப் பிறகு ஐயாவுக்கு இன்னொரு பதவி கிடைத்துவிட்டது. படத்துக்குக் கீழே இருந்த எழுத்தை மாற்ற வேண்டும். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் நல்ல காரியம் வேண்டாம் என்று ஐயா வீட்டில் சொல்லிவிட்டார்கள்.

ஒரு நாள் அனுவைக் குளிப்பாட்டித் துவட்டும்போது ரஞ்சிதம் சணலை எடுத்து வைத்துப் பார்த்தாள். பாதத்தை முதல் நுனியில் வைத்தால் முட்டி முடிச்சைத் தாண்டி நின்றது. சணலை இழுத்துப் பார்த்தாள். நனைத்துப் பார்த்தாள். சணல் நீளவில்லை.

மையத்துக்கு ஓடினாள். "சார், புள்ள வளருது."

ராஜகோபால் சார் கண்ணாடியைக் கழற்றினார். "வளர்ச்சித் தாமதம்னுதான போட்டிருக்குது? நாங்க அதை நம்பித்தானம்மா தேதி வச்சோம்."

"காலு நீண்டுபோச்சு சார். நாற்காலி பத்தாதோன்னு பயமா இருக்குது. வேற அளவுல கெடைக்குமா?"

"கெடைக்கும். ஏன் கெடைக்காது? ஆனா மொதல்ல இதை வாங்கணும். வாங்கினாத்தான பத்தலைன்னு சொல்ல முடியும்?"

"அப்ப இதைக் குடுங்க சார்."

"விழா முடியட்டும்."

"அதுக்குள்ள இன்னும் வளந்துடுமே சார்."

டீ வந்தது. ராஜகோபால் சார் கிளாஸை வாங்கிக்கொண்டே சிரித்தார். "சாப்பாட்டைக் கொஞ்சம் கொறச்சுக் குடுங்கம்மா. அளவு நிக்கும்." தனகோட்டியும் சிரித்தான். அவர் அதை வேடிக்கைக்குச் சொன்னார். டீ ஆறுவதற்குள் மறந்தும் போனார்.

ரஞ்சிதத்துக்கு வேடிக்கை தெரியவில்லை. மூலையில் நாற்காலி வந்து நின்ற நாளிலிருந்து அந்த அறையில் சொல்லப்பட்ட எதுவும் அவளுக்கு வேடிக்கையாக இருந்ததில்லை. படித்தவர் சொல்கிறார், அவருக்குப் பிள்ளைகளைப் பற்றித் தெரியும் என்று நினைத்தாள்.

அன்றிலிருந்து கிண்ணம் பாதியானதும் நிறுத்தினாள். முந்தானையால் அனுவின் வாயைத் துடைத்து, "அவ்ளோதான் கண்ணு" என்பாள். முதல் சில நாள் அனுவின் வாய் திறந்தபடியே இருந்தது. தலை கிண்ணத்தின் பக்கமே திரும்பி நின்றது. ரஞ்சிதம் கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். அழத் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அன்றே தோற்றிருப்பாள். மிச்சச் சோறு அவளுக்கும் இறங்கவில்லை. கமிட்டி வாசலில் கிடந்த நாய் அந்த வருஷம் நன்றாகத் தேறியது.

புருஷனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவன் கோடாலியை எடுப்பான். இந்த முறை விறகுக்காக இருக்காது.

அமாவாசைக்கு மேல்மலையனூர் போனாள். அனு பிறந்ததிலிருந்து அந்தக் கூட்டத்தில் நசுங்கி நின்று அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: எம் புள்ள வளரணும் ஆத்தா. இந்தத் தடவை பிள்ளையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, பக்கத்தில் நிற்பவளுக்குக் கேட்காதபடி வேண்டினாள். "வளராம வெச்சிரு தாயே. விழா முடியற வரைக்கும்."

"அக்கா, எடை எறங்குது" என்றாள் கலைவாணி. "சாப்பிடறாளா?"

"சாப்புடுது."

"முழுசா?"

"சாப்புடுதும்மா" என்று ரஞ்சிதம் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

விழா மறுவருஷம் தை கழிந்து வந்தது. கல்யாண மண்டபத்தில் மேடை. மேடைக்கு ஏறப் படி மட்டும்தான் இருந்தது. பிள்ளைகளைக் காலையிலேயே கொண்டுவந்து வரிசையாக வைத்துவிட்டார்கள். ஐயா செஞ்சிக்கு வந்தும்விட்டார். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டுக் கோட்டையைப் பார்க்காமல் போவதா என்று யாரோ கேட்க, நேராகக் கோட்டைக்குப் போய்விட்டார். வெயில் உச்சிக்கு வந்தபோது அனுவின் தலை ரஞ்சிதத்தின் தூக்குவாளி இருந்த பக்கம் திரும்பியிருந்தது. மேடையேறுகிற பிள்ளை வாயில் சோறு ஒட்டியிருக்கக் கூடாது என்று ராஜகோபால் சார் சொல்லியிருந்ததால், அதை ரஞ்சிதம் பார்க்காத மாதிரி இருந்தாள்.

ஐயா வந்தார். பட்டாசு வெடித்தது. பிள்ளைகள் பயந்து நடுங்கினார்கள். நாற்காலியிலிருந்து பிளாஸ்டிக் உறையை உரித்தார்கள். அனுவைத் தூக்கி வைத்தார்கள்.

பெல்ட்டு தொளதொளவென்று கிடந்தது. இடுப்பில் நிற்கவில்லை. கால் பலகையில் பாதம் இடித்து, முட்டி மேலே எழும்பி, தொடை மெத்தையில் படாமல் நின்றது. தலை அணையைத் தாண்டிப் போயிருந்தது. சாப்பாட்டைக் குறைத்து ரஞ்சிதம் இளைக்க வைத்தது இடுப்பைத்தான். எலும்புக்கு அந்தச் சேதி போகவில்லை.

ராஜகோபால் சார் அவள் முட்டி மேல் கையை வைத்து அழுத்தினார். ஒரு பொன்னாடையை எடுத்துக் காலை மூடினார். அனு அழுதாள். பசிக்கு அழாதவள், விழுந்தாலும் அழாதவள், மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி அழுதாள்.

"ஏன் அழறா?" என்றார் ஐயா.

"நாற்காலி சிறுசாயிடுச்சுங்கய்யா" என்று கலைவாணி சொல்லிவிட்டாள். "கொழந்தை வளந்துட்டா."

ராஜகோபால் சாருக்கு முகம் வெளுத்தது. ஐயா மைக்கைக் கையில் வாங்கினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! காலையில் கோட்டையில் பாதிப் படி ஏறினேன். முட்டி வலித்தது. திரும்பிவிட்டேன். நடக்க முடியாத குழந்தைகளின் வேதனை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அந்த இடத்திலேயே, கோட்டைக்குப் போகிற என் போன்றவர்கள் பிடித்துக்கொள்ளக் கைப்பிடிக்கு வழி செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன்." கைதட்டல். "இதோ இந்தச் செல்வம். வளர்ச்சி தாமதம் என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்த குழந்தை. இன்றைக்கு நாம் கொடுக்கிற நாற்காலியே போதவில்லை! அவ்வளவு வளர்ந்திருக்கிறாள்! நாற்காலி கொடுக்கிற மையம் எல்லா ஊரிலும் இருக்கும். நாற்காலி கொடுப்பதற்கு முன்னாலேயே அதன் தேவையைத் தீர்த்து வைத்த மையம் இது ஒன்றுதான்! நாம் விழாவை ஒத்திவைத்தது வீண் போகவில்லை. இன்னும் ஒத்திவைத்திருந்தால் இந்தக் குழந்தை எழுந்து நடந்தே வந்திருக்கும்!"

மண்டபம் அதிர்ந்தது. பின் வரிசையில் நின்ற தனகோட்டியும் கை தட்டினான். இந்தப் பேச்சை அவன் எந்த ஒத்திகையிலும் பேசியதில்லை.

ஐயாவின் கார் கிளம்பியதும் கோதண்டராமன் நாற்காலியில் கை வைத்தான். ராஜகோபால் சார் அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டார். "இது மையத்துக்குப் போகுது. கண்ணாடிப் பெட்டி செய்யச் சொல்லிட்டாரு ஐயா. வர்றவங்க பார்க்கணும்ல, நம்ம சாதனையை?"

"கால் பலகைய அறுத்துட்டா எம் பொண்ணுக்கு ஆவும் சார். நானே அறுத்துக்கறேன்."

"ஐயா படம் இருக்கற பொருள்ல ரம்பம் வைக்கச் சொல்றியா?"

"அப்ப பெருசு ஒண்ணு குடுங்க சார். வாங்கிட்டுக் கேக்கணும்னீங்களே. மேடையில வாங்கிட்டமே" என்றாள் ரஞ்சிதம்.

"என்னம்மா இது. தேவை தீந்துபோச்சுன்னு ஐயாவே மைக்குல சொல்லிட்டாரு. இப்பப் போயி கேட்டா நல்லாவா இருக்கும்?"

பொன்னாடையை மட்டும் கொடுத்தார்கள்.

கமிட்டிக்கு நடந்தே போனார்கள். அன்றைக்கு நெல் வரத்து குறைவு. சாய்க்க மூட்டை சரியாக அமையவில்லை. கோதண்டராமன் தரையில் உட்கார்ந்து தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டான். கால் இரண்டையும் மடக்கி, நடுவில் மகளை வைத்து, மார்பில் அவள் தலையைச் சாய்த்துப் பிடித்தான். "ஐயா படம் இல்லாத நாற்காலி. நைனா நாற்காலி. இன்னா கண்ணு, சவுரியமா இருக்குதா?"

ரஞ்சிதம் தூக்குவாளியைத் திறந்து ரசஞ்சோற்றைக் கிண்ணம் நிறையப் போட்டாள். நிறைய என்றால் விளிம்புக்கு. குழையப் பிசைந்தாள். அனு வாயைத் திறந்தாள். வாங்கி விழுங்கினாள். மறுபடி திறந்தாள். ரஞ்சிதம் வேகமாக ஊட்டினாள். இனிமேல் எந்த அளவும் பார்க்க வேண்டியதில்லை. இடுப்பில் இருந்த சணலை வழியிலேயே எங்கேயோ வீசியாகிவிட்டது. தின்னுடி, தின்னு, எவ்வளவு வேணுமோ தின்னு என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கிண்ணம் பாதியானது.

அனு வாயை மூடிக்கொண்டாள். ரஞ்சிதம் அடுத்த கவளத்தை உதட்டில் வைத்தாள். உதடு திறக்கவில்லை. அனு தலையை மெல்ல நிமிர்த்தி, துடைப்பதற்குத் தோதாக மோவாயைத் தூக்கிக் காட்டி, அம்மாவின் முந்தானையைப் பார்த்தபடி காத்திருந்தாள்.

கோதண்டராமன் குனிந்து பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"ஏ, பாருடி இதை! சாப்ட்டு முடிச்சிட்டேன், தொடச்சி வுடுன்னு மொகத்தைக் காட்டுது! ஒண்ணுமே கத்துக்காதுன்னு எழுதுனானே அந்தாளு, வந்து பாக்கச் சொல்லு. யாருடி சொல்லிக் குடுத்தா இதுக்கு? எப்பக் கத்துக்கிச்சு?"

ரஞ்சிதத்தின் கையில் சோறு அப்படியே இருந்தது. அனு இன்னும் மோவாயைத் தூக்கியபடி காத்திருந்தாள்.